கால் பார்த்தல்

5 3 பி – 2 1 யு 2 எஃப்.

இது கவிதை அல்ல. இரண்டு குளிர்காலங்கள் நான் பார்த்துக்கொண்ட ஒரு குதிரையின் சரித்திரம். இங்கிலாந்தின் பந்தயத் தாள்களில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு வரி இருக்கும். இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். வலது கோடியில் இருப்பது கடைசி ஓட்டம். எண் இருந்தால் குதிரை அந்த இடத்தில் வந்து முடித்தது என்று அர்த்தம். எழுத்து இருந்தால் முடிக்கவில்லை. பி என்றால் ஜாக்கி நடுவிலேயே இழுத்து நிறுத்திவிட்டான். யு என்றால் குதிரை விழவில்லை, மேலே இருந்தவன் விழுந்தான். எஃப் என்றால் குதிரையே விழுந்தது. நடுவில் உள்ள சிறுகோடு ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கியதைச் சொல்கிறது. அந்தச் சிறுகோட்டுக்குள் ஒரு கோடைக்காலம் முழுவதும் இருக்கிறது.

சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர், இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்தான், சில மாதங்களுக்கு முன் எனக்கு எழுதியிருந்தார். இத்தனை வருஷமாகக் குதிரைச் சாணம் அள்ளுகிறாயே, அதில் உனக்கு என்ன கிடைக்கிறது, கடைசியில் அது ஒரு சூதாட்டம்தானே என்று. சாணம் இல்லை, லத்தி என்று திருத்திப் பதில் போட்டேன். மற்றக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் அப்பா கிண்டியில் சயீஸாக இருந்தவர். வீட்டில் குதிரைப் பெயர் அடிபட்டால் கூடவே ஒரு எண்ணும் வரும். மூன்று, ஒன்று, ஐந்து. கிண்டியில் ஓடியது தட்டைப் பந்தயம்; தாண்டுவதற்கு எதுவும் கிடையாது. அதனால் விழுவது, இழுத்து நிறுத்துவது எல்லாம் அபூர்வம். எண்களே போதுமாக இருந்தன. 2024 செப்டம்பரில் அரசு அந்த நிலத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்ட செய்தியை நான் இங்கே லாயத்துச் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். அதைப் பார்க்க அப்பா இல்லை. குதிரை ஏறத் தெரிந்த இந்தியர்கள் பலர் இங்கிலாந்துக்கு வேலைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் நியூமார்க்கெட்டின் தட்டைப் பந்தய லாயங்களுக்குத்தான். நான் வந்து சேர்ந்தது பெர்க்‌ஷயரில், லாம்போர்னில், தாண்டல் பந்தயத்துக்குக் குதிரை தயார் செய்யும் ஒரு லாயத்தில்.

தாண்டல் பந்தயம் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1752இல் அயர்லாந்தில் கார்க் பிரதேசத்தில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, புட்டவந்த் ஊர் மாதா கோயிலிலிருந்து டோனரேல் ஊர் மாதா கோயில் வரைக்கும், வழியில் வந்த வேலி, சுவர், பள்ளம் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை விட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கோபுரம் கண்ணுக்குத் தெரியும், அதை நோக்கி நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான் விதி. ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே அந்தக் கோபுரம் இன்னும் இருக்கிறது. இன்று அது இரண்டு வகை. ஒன்றில் மூன்றரை அடிச் சின்னத் தட்டிகள், குதிரை இடித்தால் சாய்ந்து கொடுக்கும். மற்றதில் பிர்ச் மிலாறுகளை அடர்த்தியாகக் கட்டி நிறுத்திய வேலிகள், நாலரை அடிக்குக் குறையாது, அவ்வளவாகச் சாயாது. மூன்று மைல் ஓட்டம் என்றால் அப்படிப்பட்ட வேலிகள் பதினெட்டு. முதுகில் ஜாக்கியும் சேணமும் ஈயமும் சேர்ந்து 64 கிலோவுக்கு மேல். குதிரைகள் பெரும்பாலும் காயடித்தவை. அதனால் தட்டைப் பந்தயக் குதிரையைப் போல மூன்று நான்கு வயதில் இனப்பெருக்கத்துக்கு அனுப்பிவிட முடியாது. பத்து வயது, பன்னிரண்டு வயது வரைகூட ஓடிக்கொண்டிருக்கும். ஒரு லாயத்தில் ஐந்தாறு வருஷம் ஒரே குதிரையை ஒரே ஆள் பார்த்துக்கொள்வது சாதாரணம். இந்தத் தொழிலில் உள்ள நல்லது கெட்டது எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

காலை ஐந்தரை மணிக்குத் தலைமை லாயக்காரர் தீவனம் போடுவார். வாளிச் சத்தம் கேட்டதும் முற்றம் முழுவதும் கொட்டடிக் கதவுகளை உதைக்க ஆரம்பிக்கும். ஆறு மணிக்கு நாங்கள் வருவோம். ஒரு ஆளுக்கு நான்கு குதிரை. விளக்கைப் போட்டதும் முதலில் தீவனத் தொட்டியைப் பார்க்க வேண்டும், மிச்சம் வைத்திருக்கிறதா. அப்புறம் லத்தியைப் பார்க்க வேண்டும். எத்தனை தடவை போட்டிருக்கிறது, இறுகலா இளகலா. வைக்கோல் படுக்கை எப்படிக் கலைந்திருக்கிறது என்று பார்த்தாலே இரவு நிம்மதியாகப் படுத்ததா, சுற்றிச் சுற்றி நடந்ததா என்று தெரிந்துவிடும். அதன் பிறகு கால். இவ்வளவும் ஆன பிறகுதான் லத்தி அள்ளி, சேணம் கட்டி, ஏழே கால் மணிக்கு முதல் கூட்டம் வெளியே புறப்படும். ஊருக்கு மேலே மேன்டவுன் மேடு. சுண்ணாம்பு மண். குளிர்காலத்தில் அந்நேரம் இன்னும் இருட்டுத்தான். முன்னால் போகும் குதிரையின் மூச்சு புகையாக வந்து நம் முகத்தில் படும். நடை, டிராட், அப்புறம் மேட்டில் இரண்டு தடவை ஓட்டம். திரும்பி வந்து கழுவி, போர்வை போட்டு, அவசரமாக ஒரு ரொட்டி, தேநீர். இரண்டாவது கூட்டம், மூன்றாவது கூட்டம். மத்தியானம் வந்துவிடும். சாயங்காலம் மறுபடி வந்து தேய்த்துவிட்டு, மறுபடி கால் பார்த்து, ஐந்து மணிக்குக் கடைசித் தீவனம். கிறிஸ்துமஸ் அன்றும் இதேதான். மறுநாள் பாக்ஸிங் டே பந்தயங்கள் இருப்பதால் அன்று இன்னும் அதிகம்.

கால் பார்ப்பது என்று சொன்னேனே, இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, தோல், பின்பக்கமாக ஓடும் நாண்கள், அவ்வளவுதான். ஐந்நூறு கிலோ உடம்பு வேலியைத் தாண்டி இறங்கும்போது முதலில் தரையில் படுவது ஒரே ஒரு முன்கால். அந்த நாணில் நாலைந்து இழைகள் விட்டுப்போனால் முதலில் வலி தெரியாது, நொண்டல் தெரியாது, வீக்கம்கூட உடனே வராது. சூடுதான் முதலில் வரும். அந்தச் சூட்டைக் கண்டுபிடித்துவிட்டால் சில வாரம் ஓய்வு கொடுத்துக் காப்பாற்றலாம். தவறவிட்டால் அடுத்த ஓட்டத்தில் நாண் முழுவதுமாகப் போய்விடும். அப்புறம் ஒரு வருஷம் போச்சு, அதற்குப் பிறகும் பழைய கால் இல்லை. ஸ்கேன் இருக்கிறது, நவீன மருத்துவம் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று யாராவது முதலில் சொல்ல வேண்டுமே. அதைச் சொல்வது ஆறு மணிக்குக் குனிந்து காலைத் தொடுகிற ஆள்தான்.

எங்கள் தலைமை லாயக்காரர் கார்க் பக்கத்து ஐரிஷ்காரர். அறுபது வயதுக்கு மேல். இளமையில் ஜாக்கியாக இருந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். முதல் நாள் நான் காலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். “கண்ணை மூடிக்கொள். கண் உன்னை ஏமாற்றும்” என்றார். குளிரில் கை மரத்திருந்தால் கக்கத்தில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு தொட வேண்டும். தினமும் ஒரே வரிசையில் தொட வேண்டும். முதலில் இடது முன்கால், அப்புறம் வலது முன்கால், அப்புறம்தான் பின்னங்கால்கள். ஒரு காலைத் தொட்டு அது சூடா குளிர்ச்சியா என்று சொல்ல முடியாது. நேற்றைய அந்தக் காலோடும் இன்றைய பக்கத்துக் காலோடும் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். எனக்கு இது வர ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. வந்த பிறகு ஒன்று புரிந்தது. கைக்குத் தெரிவதை இன்னொருவருக்கு நிரூபிக்க முடியாது. அவரும் குனிந்து தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் தொடும்போது அது அங்கே இருக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு பருவம் முடியும். மே மாதம் லாடத்தைக் கழற்றிப் புல்வெளியில் விட்டுவிடுவார்கள். வயிறு இறங்கி, ரோமம் வெளுத்து, பந்தயக் குதிரை என்று யாரும் சொல்ல முடியாதபடி ஆகிவிடும். ஜூலையில் திரும்ப வரும். வாரக்கணக்கில் வெறும் நடை, டிராட், தார் ரோட்டில். கால்களை இறுகச் செய்வதற்கு அது. அக்டோபர் மழையில் தரை இளகிய பிறகுதான் நிஜமான பந்தயம். ஆகக் கோடையிலிருந்து மாதக்கணக்கில் வேலை செய்தது, நவம்பர் மாதத்து ஏதோ ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆறு நிமிஷத்தில் முடிந்துபோகும். அந்த ஆறு நிமிஷத்துக்கு ஒரு எண் அல்லது ஒரு எழுத்து.

இந்த எழுத்துக்களுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1928 கிராண்ட் நேஷனலில் 42 குதிரைகள் புறப்பட்டன. முடித்தவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்று விழுந்து, ஜாக்கி மறுபடி ஏறி ஓட்டி வந்தது. நூற்றுக்கு ஒன்று கொடுத்த டிப்பரரி டிம் என்ற குதிரைதான் விழாமல் வந்து ஜெயித்தது. மற்ற நாற்பதுக்கும் எழுத்துக்கள்தான். (விழுந்த குதிரையில் மறுபடி ஏறுவதை 2009இல் தடை செய்துவிட்டார்கள்.) 1956இல் ராஜமாதாவின் குதிரை டெவன் லாக், எல்லா வேலிகளையும் தாண்டி முடித்து, முன்னால் யாரும் இல்லாமல், வெற்றிக் கம்பத்துக்கு ஐம்பது கெஜம் இருக்கும்போது கால் பரத்தி விழுந்தது. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன் மேல் இருந்த டிக் ஃபிரான்சிஸ் அடுத்த வருஷம் சவாரியை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். நாற்பதுக்கு மேல் துப்பறியும் நாவல்கள் எழுதினார். அத்தனை நாவல்களிலும் ஒரு புதிர் இருக்கும், கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். அவருக்கு அது தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எழுத்துக்களில் எனக்குப் பிடித்தது பி. வெளியே இருப்பவர்களுக்கு அது தோல்வி. லாயத்தில் அப்படி இல்லை. குதிரை களைத்துவிட்டது, இனி ஜெயிக்காது, இன்னும் மூன்று வேலி தாண்ட வைத்தால் விழும் என்று தெரிந்த ஜாக்கி, நான்காம் இடத்துப் பரிசுப் பணம் போனாலும் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நடக்க விட்டுக் கொண்டு வருவான். அந்தக் குதிரை அடுத்த மாதம் மறுபடி ஓடும். நம்மிடையே எழுதுவதை நிறுத்திக்கொண்ட கவிஞர்கள் சிலரைப் பற்றிப் பேசும்போது எனக்கு இந்த எழுத்து ஞாபகம் வரும். வற்றிவிட்டார் என்று சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பிடித்து நிறுத்தியது எது என்று கேட்பதில்லை. நம் விமர்சனமும் பெரும்பாலும் இந்த ஒரு வரியைப் படிக்கிற விமர்சனம்தான். படைப்பு எத்தனையாவதாக வந்தது என்று சொல்லத் தெரிகிறது. காலைத் தொட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

இனி அந்தக் குதிரை.

அயர்லாந்திலிருந்து வாங்கி வந்த செம்பழுப்புக் குதிரை. எனக்குக் கொடுக்கும்போது ஆறு வயது. பந்தயத் தாளில் அதற்கு ஒரு நீளமான பெயர். அது இங்கே வேண்டாம். நான் கொட்டடிக்குள் நுழையும்போது “என்ன ராசா” என்பேன். நாலைந்து வாரத்தில் முற்றத்தில் எல்லோரும் ராஜா, ராஜா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஏதோ இந்திய மகாராஜா என்று நினைத்துக்கொண்டு. அம்மா கன்றுக்குட்டியைக்கூட ராசா என்றுதான் சொல்வாள் என்று நான் யாருக்கும் விளக்கவில்லை.

முதல் ஓட்டம் 5. தட்டி தாண்டத் தெரியாமல் ஒவ்வொன்றிலும் தயங்கி வந்தது. அடுத்தது 3. அதற்கடுத்தது பி. அன்று சேற்றில் மூச்சு வாங்கிவிட்டது. ஜாக்கிப் பையன் நல்லவன், நிறுத்திவிட்டான். கோடையில் ஒன்றரைச் சாண் உயரம் கூடியதுபோல எனக்குப் பட்டது, உயரம் கூடியிருக்காது. இரண்டாம் பருவம் வேலிகளுக்கு மாற்றினார்கள். அது வேலிக்கென்றே பிறந்த குதிரை. தூரத்திலேயே காதுகளை முன்னால் நீட்டிக்கொண்டு, எத்தனை அடி வைத்தால் சரியாக வரும் என்று அதுவே எண்ணிக்கொண்டு வரும். 2. அப்புறம் 1. அன்று நான் அழைத்து வந்து நிறுத்தி, ஆவி பறக்கப் பறக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். உரிமையாளர்கள் நான்கு பேர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சேர்ந்து வாங்கியது. அவர்களில் ஒருவர் அழுதார். யு ஒரு விபத்து. பக்கத்துக் குதிரை மோதியது. மறுபடி 2.

கடைசி ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, ஒரு புதன்கிழமை காலை, இடது முன்காலில் எனக்கு ஏதோ பட்டது. சூடு என்று சொல்ல முடியாது. வெதுவெதுப்பு என்றுகூட இல்லை. மற்ற மூன்று கால்களும் தொட்டவுடன் குளிர்ச்சியாக இருந்தன. இது குளிர்ச்சியாக ஒரு கணம் தாமதித்தது. அவ்வளவுதான். மறுபடி தொட்டேன். இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருந்தது. இரவு அந்தக் காலை மடித்துப் படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேட்டில் நன்றாகத்தான் ஓடியது. சாயங்காலம் தொட்டேன், இல்லை. வியாழன் இல்லை. வெள்ளி இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் குதிரை ஓடுகிறதா என்று பெயர் கொடுக்க வேண்டும். தலைமை லாயக்காரர் முற்றத்தில் நின்றுகொண்டு எல்லோரையும் பார்த்து, எல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்றேன். அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். என் கையில் இருந்தது அதற்கு முந்தின புதன்கிழமையின் ஞாபகம் மட்டும். ஞாபகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் குனிந்து தொட்டிருப்பார், குளிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் ஓட்டத்தை நிறுத்தியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர். அது தெரிந்ததால்தான் நான் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அது ஓட வேண்டும்போல இருந்தது. நான் ஒரு பைசா கட்டவில்லை. குதிரை ஜெயிப்பதைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். சூதாட்டம்தானே என்று கேட்ட நண்பருக்கு இதையும் சொல்ல வேண்டும்.

மூன்று மைல். பதினெட்டு வேலி. நான் கம்பியோரமாகக் கையில் கயிற்றுடன் நின்றிருந்தேன். பதினாறாவது வேலி மைதானத்தின் அந்தப் பக்கம். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தது, நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பெரிய திரையில்தான் பார்த்தேன். தாண்டிவிட்டது, இறங்கும்போது முன்பக்கம் மடிந்தது. தலை தரைக்குப் போய், உடம்பு அதன் மேல் புரண்டது. ஜாக்கி உருண்டு எழுந்துவிட்டான். திரை மற்றக் குதிரைகளோடு நகர்ந்துவிட்டது.

குறுக்கே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் பச்சைத் திரைகளைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் சுற்றி நின்றிருந்தார்கள். மைதானத்தின் மிருக வைத்தியர் முழந்தாளிட்டிருந்தார். அது எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மனிதனுக்குக் கால் முறிந்தால் படுக்க வைக்கலாம். குதிரையை வாரக்கணக்கில் படுக்க வைக்க முடியாது. மூன்று காலில் நிற்க வைத்தால் எடை தாங்கும் மற்றக் காலின் குளம்பு கெட்டுவிடும். எல்லோருக்கும் இது தெரியும். வைத்தியர் தொலைபேசியில் டிரெய்னரிடம் ஒரு நிமிஷம் பேசினார். தலையைப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று என்னைக் கேட்டார். பிடித்துக்கொண்டேன். ராசா என்று சொன்னேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஒலிபெருக்கியில் எடை சரிபார்த்தாகிவிட்டது, முடிவு உறுதி என்று அறிவித்தார்கள். யாருடைய குதிரை ஜெயித்தது என்று கேட்டேன், மறந்துவிட்டது.

லாரியில் திரும்பும்போது மடியில் வெறும் கடிவாளம். எங்கள் லாயத்தின் இன்னொரு குதிரையும் அன்று வந்திருந்தது. அதுவும் தன் ஓட்டத்தில் விழுந்து, எழுந்து, ஆளில்லாமல் இரண்டு சுற்று ஓடி, பிடிபட்டு, இப்போது லாரியில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. மறுநாள் தாளில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. எஃப்.

இந்தத் தாண்டல் பந்தயத்தில் சராசரியாக ஆயிரம் ஓட்டத்துக்கு நான்கு குதிரை என்ற அளவில் சாகிறது. குறைக்க எவ்வளவோ செய்கிறார்கள். 2024இல் கிராண்ட் நேஷனலில் ஓடும் குதிரைகளை நாற்பதிலிருந்து முப்பத்துநாலாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பு, 2022இல், வேலிகளிலும் தட்டிகளிலும் இருந்த ஆரஞ்சு வண்ண அடையாளங்களை வெள்ளையாக மாற்றினார்கள். ஆரஞ்சு மனிதக் கண்ணுக்குத்தான் பளிச்சென்று தெரியும். குதிரைக்கு அது புல்லின் பச்சையோடு கலந்துவிடும் என்று ஆராய்ந்து சொன்ன பிறகு மாற்றியது. அதுவரை பல வருஷங்களாகக் குதிரை தாண்ட வேண்டிய கட்டையை நம் கண்ணுக்காகப் பூசி வைத்திருந்தோம். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் பூசினார்கள்.

அன்று இரவு எட்டு மணிக்கு லாயம் திரும்பினோம். தலைமை லாயக்காரர் காலிக் கொட்டடியின் வாசலில் நின்றிருந்தார். படுக்கை வைக்கோலை அவரே வாரி எடுத்துவிட்டிருந்தார். நான் கடிவாளத்தை மாட்டிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “எந்தக் கால்?” என்று கேட்டார்.

“பார்க்கவில்லை” என்றேன்.

அது பொய்யில்லை. அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு அதன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தியரையும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு மற்றக் குதிரைகளுக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அடுத்த வாரமே அந்தக் கொட்டடியைக் கழுவி மருந்து தெளித்து வேறு குதிரையைக் கட்டினோம். அதையும் எனக்கே கொடுத்தார்.

விழுந்ததற்கும் அந்தப் புதன்கிழமைக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். நாண் வேறு, எலும்பு வேறு. நல்ல கால்களோடும் குதிரைகள் விழுகின்றன. வலது காலாகவே இருந்திருக்கலாம். இதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதி நிச்சயமாகியிருக்கும். இப்போதும் கேட்கலாம். எங்கோ ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார்கள்.

ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கிறது. கையில் துளி சந்தேகம் பட்டாலும் அப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் அது மறைந்துவிட்டாலும் காலையில் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்தில் இரண்டு குதிரைகளின் ஓட்டம் இதனால் ரத்தானது. ஒன்றுக்கு ஸ்கேனில் லேசாக ஏதோ தெரிந்தது. மற்றதில் ஒன்றும் இல்லை, உரிமையாளருக்குக் கோபம். அந்த இரண்டு குதிரைகளின் வரியையும் எடுத்துப் பார்த்தேன். ஓடாத ஓட்டத்துக்கு அதில் எண்ணும் கிடையாது, எழுத்தும் கிடையாது. முந்தின எண்ணுக்கும் பிந்தின எண்ணுக்கும் நடுவில் ஒரு இடைவெளிகூட விடமாட்டார்கள். படிக்கிறவனுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

இன்று காலை நான்கு குதிரைகள், பதினாறு கால்கள். ஒன்றில் சந்தேகம். சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.